சரிசெய்து கொடுத்த ஷேரிங்

அரியலூரில் ஒரு தமிழாசிரியர் வீட்டுக் கீபோர்டு இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எழுத்துகளுக்கு நடுவே நிலக்கடலைத் தோல், நரைமுடி, காய்ந்து ஒட்டிப்போன சோற்றுப் பருக்கை. பக்கத்தைக் கீழே நகர்த்தும் பட்டன் மட்டும் பழுப்பேறிப் பிசுபிசுவென்று இருக்கும். விடைத்தாள் புரட்டிய பழக்கத்தில் அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் அதை அழுத்துவார். முதல் தடவை போனபோதே என் கைக்குட்டையை நனைத்து அதைத் துடைத்தேன். திரும்பும்போது அந்தக் கைக்குட்டையை பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நான் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்த காலம் அது. இரண்டாயிரத்து நான்கு, ஐந்து இருக்கும். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று எங்கே மெஷின் நின்றாலும் ஸ்க்ரூடிரைவர் பையைக் கையில் கொடுத்து என்னை பஸ் ஏற்றிவிடுவார். அரியலூர்ப் பக்கத்து மெஷின்களைத் திறந்தால் சிமெண்ட் தூசி மாவு சலித்துக் கொட்டினாற்போலப் படிந்திருக்கும். ஒரு மளிகைக்கடை மெஷினுக்குள் கரப்பான்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஓர் அரிசி மண்டியில், ஃபேனில் அடிபட்டுச் செத்த பல்லியைக் குச்சியால் நெம்பி எடுத்திருக்கிறேன். அழுக்கு எனக்குப் பழக்கம். அந்த ஒரு வீட்டு அழுக்கு மட்டும் பழகவில்லை.

அவர் ஓய்வுபெற்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். கோயில் விழா, பள்ளி ஆண்டுவிழா, கடைத் திறப்பு எதுவானாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, இழுத்து இழுத்துப் பேசும் இனிமையான குரல். வீட்டில் அவர், அவர் மனைவி, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு மகள். மகளைக் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். என்ன காரணமோ, இரண்டு வருடமாக அவர் பிறந்த வீட்டில்தான் இருந்தார். மாடியில் இருந்த ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் வைத்து, திருச்சி அச்சகங்களுக்குப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

கீழே ஹாலில் ஐயாவுக்கு ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன், இன்டர்நெட், பிரிண்டர் எல்லாம் கீழே. மாடியில் தட்டச்சு செய்வதைக் கீழே பிரிண்ட் எடுக்க வேண்டும், மாடியிலும் இன்டர்நெட் வர வேண்டும், அதற்காக இரண்டையும் இணைத்துக் கொடுக்கச் சொல்லி ஐயா கேட்டிருந்தார். நான்தான் போய் கேபிள் இழுத்தேன். மாடிப்படி ஓரமாக ஆணி அடித்துக் கொண்டுபோய், ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டேன். வேலை முடிகிற நேரத்தில், "மாடியில இருக்கற ஃபைலெல்லாம் கீழேயே பாக்கற மாதிரி பண்ணிடு தம்பி. மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். அதையும் செய்தேன், ஷேரிங் என்போம். இரண்டு நிமிட வேலை.

மகள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், ஐயா கீழே இறங்கிப் போனதும் கேட்டார்.

"கீழேர்ந்து இங்க இருக்கறது எல்லாத்தையும் பாக்க முடியுமா?"

"எல்லாம் தெரியுங்க மேடம். இங்க உக்காந்து பாக்கற மாதிரியே இருக்கும்."

ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வந்த கேபிளைப் பார்த்தார்.

ஆறு மாதம் கழித்துக் கடைக்கு ஐயாவிடமிருந்து ஃபோன். மாடி மெஷின் கீழே தெரியவில்லையாம். கடைக்காரர் என்னை அனுப்பினார்.

காலை பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐயா கீழ் மெஷின் முன்னால் தட்டில் கடலையோடு உட்கார்ந்திருந்தார். "வா தம்பி. பத்து நாளா இப்படித்தான். மாடியில இன்டர்நெட் நல்லா வருதுங்கறா. பிரிண்டும் எடுக்கறா. நான் அங்க உள்ளத பாக்கலாம்னா ஒண்ணும் வர மாட்டேங்குது" என்றார்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேபிளை எலி கடித்திருந்தால் இன்டர்நெட்டும் போயிருக்கும். மேலிருந்து கீழே எல்லாம் போகிறது, கீழிருந்து மேலே மட்டும் எதுவும் போகவில்லை என்றால் அது பழுதில்லை. ஆனால் எனக்கு அப்போது வேலைதான் கண்ணில் தெரிந்தது. நெட்வொர்க்கில் ஒரு மெஷின் இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். இருந்தால் பதில் வரும். கூப்பிட்டேன். பதில் இல்லை. "மாடிக்குப் போகணுங்க ஐயா" என்றேன்.

அறை பூட்டியிருந்தது. மகள் திருச்சிக்குப் போயிருப்பதாகவும், சாயங்காலம் வந்துவிடுவார் என்றும் ஐயா சொன்னார். முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்றிருந்தவர், எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறினார். வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். புதுச் சாவி. பல் வெட்டிய இடத்தில் இன்னும் பளபளப்பு போகவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

உள்ளே சுத்தமான அறை. கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு பூப்போட்ட துணி மூடியிருந்தது. பக்கத்தில் அகராதி, தண்ணீர்ச் சொம்பு, சுருட்டி வைத்த பாய். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மெஷினைப் போட்டதும் பாஸ்வேர்டு கேட்டது.

"ஐயா, பாஸ்வேர்டு?"

"அத ஏன் கேக்கற. மறந்துட்டாளாம். தம்பி வந்தா சொல்லி எடுத்துரச் சொல்லுங்கப்பான்னுதான் சொல்லிட்டுப் போனா."

அந்தக் காலத்து மெஷின்களில் ஒரு பின்வாசல் இருந்தது. குறிப்பிட்ட ஒரு விதமாக மெஷினைப் போட்டால், பாஸ்வேர்டே இல்லாத ஒரு கணக்கு திரையில் வரும். அதன் வழியாகப் போய் மற்றவர்களின் பாஸ்வேர்டை எடுத்துவிடலாம். சர்வீஸ் ஆட்களான எங்களுக்கு அது பெரிய வித்தை. நான்கு நிமிடத்தில் திறந்தேன். ஐயா என் தோளைத் தட்டி, "கெட்டிக்காரன்யா நீ" என்றார். குளிர்ந்துபோனேன்.

அதற்குப் பிறகு அவர் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். நான் மேலே ஒன்றொன்றாகப் பார்த்தேன். வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஃபயர்வால் போட்டிருந்தது. யாருக்கும் விலக்கில்லை என்ற கட்டத்திலும் டிக் இருந்தது. எடுத்தேன்.

"இப்ப பாருங்கய்யா!"

"வரலை தம்பி!" என்று கீழிருந்து குரல் வந்தது.

நெட்வொர்க் கார்டில் ஃபைல் பகிர்வதற்கான டிக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். போட்டேன்.

"இப்ப?"

"பேரு வந்துடுச்சு. தொறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லேங்குது!"

வெளி மெஷினிலிருந்து வருபவர் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் விருந்தாளிக் கணக்கு மூடியிருந்தது. திறந்தேன். அப்புறமும் ஒன்று மிச்சம். அவருடைய ஃபோல்டரைத் தனக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தார். அந்தப் பூட்டை எடுக்கும் முன்னால் உள்ளே இருந்த ஃபைல்களின் பட்டியல் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி. கடைசி ஃபைல் முந்தின நாளுடையது. பாஸ்வேர்டை மறந்தவர் நேற்று எப்படி உட்கார்ந்து வேலை செய்தார்? இந்தக் கேள்வி வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வந்த கேள்வியை ஒதுக்கிவிட்டு, வேலையை முடிக்கும் அவசரத்தில் அந்தப் பூட்டையும் எடுத்தேன்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு தம்பி! எல்லாம் வந்துடுச்சு!"

திருவிழாவில் தேர் நகர்ந்தது போல ஒரு குரல். துணியை இருந்தபடியே மூடிவிட்டுக் கீழே இறங்கினேன். ஐயாவின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். மேலே தடித்த ஏடு. குடித்தேன். ஐயா விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். வெளியே போகவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அது ஒரு கடிதம். மகள் யாரோ தோழிக்கு எழுதியது.

ஐயா அதை வாய்விட்டே படித்தார். வகுப்பில் பாடம் வாசிக்கும் குரல். திருச்சியில் ஓர் அச்சகத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. புருஷன் வீட்டில் தோசைக்கரண்டியால் சூடு வைத்த தழும்பை அம்மாவிடம் காட்டினேன், அம்மா அழுதாள், அப்பா பார்க்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். என்ன ஆனாலும் அந்த வீட்டுக்கு திரும்பி போக மாட்டேன்.

இந்த இடத்தில் ஐயா நிறுத்தினார். திரையில் விரலை வைத்தார். எச்சில் பட்ட இடம் பளபளத்தது.

"பாத்தியா தம்பி. வீட்டுக்குத் திரும்பிப் போக. 'த்'தும் இல்ல, 'ப்'பும் இல்ல. 'கு'வுக்கு அப்புறம் வல்லினம் மிகும்னு இவளுக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன்! தமிழாசிரியர் பொண்ணுன்னு வெளிய சொல்ல முடியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பையை எடுத்துக்கொண்டு, வரேங்கய்யா என்று சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. வாசல் கேட்டில் அவர் மனைவி நின்றிருந்தார். கொடியில் இருந்து எடுத்த துணிகள் தோளில் கிடந்தன.

"சரியாயிடுச்சாப்பா?"

"ஆயிடுச்சுங்கம்மா."

அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"முடியலேன்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ? அந்தப் புள்ள பத்து நாளு உக்காந்து, புக்கு வாங்கிப் படிச்சுப் படிச்சு மூடுச்சு."

பஸ் குன்னம் தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பின் சீட்டுக்காரர் திட்டினார். காபி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து நாள் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மா சொன்னதை நினைக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்கு ஃபோன் செய்து மகளிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். ஃபோன் ஹாலில் இருக்கிறது, ஐயாதான் எடுப்பார் என்று விட்டுவிடுவேன். நேரில் போகலாமே என்று தோன்றும். கடையில் வேலை இருக்கிறது என்று விட்டுவிடுவேன். காரணங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, மகளே கடைக்கு வந்தார். அரியலூர் பஸ்ஸில் இருந்து இறங்கி, கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தார். தோளில் துணிப் பை. முகமெல்லாம் வியர்வை. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

சாக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கதானே பாஸ்வேர்ட எடுத்தது?"

"ஆமாங்க."

"நான் சொன்னேன்னு சொன்னாரா?"

"ஆமாங்க மேடம். மறந்துட்டீங்கன்னு..."

"மறந்தவ மொத நாள் வரைக்கும் வேல பாத்திருக்கேனே. ஃபைல்ல தேதி இருக்குமே. பாக்கலியா?"

"பாத்தேங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும் பார்வை. அப்படிப் பார்த்ததற்கு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். கடிதத்தைப் படித்த மறுநாளே ஐயா அந்த அச்சகத்துக்கு ஃபோன் செய்திருக்கிறார். என் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை, வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் வேலை கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு உங்களுடையது என்று அதே இனிமையான குரலில் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேலை இல்லை என்றுவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. புருஷன் வீட்டுக்கும் பேசிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம வராங்க. கூட்டிட்டுப் போக."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"அத வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? இதுல உள்ளதெல்லாம் சீடியில எழுதிக் குடுங்க. எழுதிட்டு, இதுல ஒரு எழுத்துகூட இல்லாம அழிச்சிடுங்க. மெஷின் கெட்டுப்போச்சு, ரிப்பேருக்குக் குடுக்கணும்னு சொல்லித்தான் அம்மா என்னைய அனுப்பி வெச்சாங்க. தனியா வெளிய விடறதில்ல இப்ப."

அப்போதுதான் அவர் தோளில் இருந்த துணிப் பையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ரிப்பேருக்கு வந்தவர் அரியலூருக்குத் திரும்பப் போவதில்லை.

சாக்கில் இருந்து பெட்டியை எடுத்து மாட்டினேன். சீடி எழுதும் மெஷின் அன்றைக்கென்று ஆமையாக நகர்ந்தது. பாதியில் ஒரு சீடி வீணானது. அடுத்ததைப் போட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் ஊர்ந்த பச்சைக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

கடை ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"தம்பி, நான் அரியலூர்லேருந்து. பொண்ணு மெஷினக் கொண்டாந்தாளா?"

மகளைப் பார்த்தேன். குரல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கை துணிப் பையின் பிடியை இறுக்கிக்கொண்டது.

"கொண்டாந்தாங்கய்யா. ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. ரெண்டு நாள் ஆகும்னு சொல்லி, இப்பதான் அரியலூர் பஸ்ல ஏத்தி விட்டுட்டு வரேன்."

"ஏறிட்டாளா? நீ பாத்தியா?"

"சீட்டுல உக்காந்ததப் பாத்துட்டுதாங்கய்யா வரேன். வழியில லாரி ஜாஸ்தியா இருக்கு, லேட்டாகும் போலருக்குது."

ஃபோனை வைத்தேன்.

"பொய் நல்லா வருது உங்களுக்கு" என்றார் அவர். சிரிக்கவில்லை. "அன்னைக்கும் இப்படி ஒண்ணு சொல்லியிருக்கலாம்."

இரண்டாவது சீடி எழுதி முடிந்தது. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து சரிபார்க்கச் சொன்னார். காட்டினேன். அவர் எழுதியதை நான் படித்துவிடக் கூடாது என்று, திறந்த நொடியே மூடினேன். சீடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். பையைத் தூக்க நான் கை நீட்டினேன். தானே தூக்கிக்கொண்டு போய்த் திருச்சி பஸ்ஸில் ஏறினார். நான் கடை வாசலிலேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஒரு காரணமும் இல்லை.

மெஷினை அழித்தேன். ஆனால் அழித்ததைத் திரும்ப எடுக்கும் வழிகளும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் இன்னொருவனுக்கும் தெரியும். அதனால் கடையில் இருந்த சினிமாப் பாட்டுகளை எல்லாம் அந்த டிஸ்க்கில் கொட்டினேன். நிரம்பும்வரை கொட்டி, அழித்து, மறுபடி கொட்டி, மறுபடி அழித்தேன். சாயங்காலம்வரை அதே வேலை. அந்த வீட்டுக்காக நான் செய்த வேலைகளில் மனம் ஒப்பிச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஐயா வந்தார். கூட இரண்டு சொந்தக்காரர்கள். கடைக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். ஐயாவின் கண் சிவந்திருந்தது. மேல்துண்டால் மூக்கைச் சிந்திவிட்டு, அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க போனா தம்பி?"

"தெரியலங்கய்யா. பஸ் ஏறினாங்க."

"அரியலூர் பஸ்ஸுலதானே?"

"அரியலூர் பஸ்தாங்கய்யா. வழியில எறங்கியிருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

அவர் என்னை நம்பினாரா என்று தெரியாது. பெட்டியைக் காட்டி, "இதுல அவ யார் யாருக்கு எழுதினாங்கறது இருக்கும். அழிஞ்சிருந்தாலும் எடுக்கலாமாமே. எடு" என்றார்.

"என்னால முடியாதுங்க."

கடைக்காரர் என்னை முறைத்தார். "நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்று தானே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஓடியது. அழிந்த ஃபைல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் பாட்டு. குத்துப்பாட்டு, சோகப்பாட்டு, பக்திப்பாட்டு. ஐயா ஒவ்வொன்றுக்கும் முன்னால் குனிந்து, விரலை நனைத்து, "இது என்ன? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே போய் நின்றுகொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"ஏன்டா, அவங்க வூட்டு விவகாரத்துல நீ ஏன் தலையிட்டே?"

"பாஸ்வேர்ட எடுத்தப்பவும் தலையிட்டேனே அண்ணே. அப்ப ஒண்ணும் சொல்லலியே?"

"அது வேலடா."

அவர் கெட்டவர் இல்லை. தன் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளைச் செல்லமாக வளர்த்தவர். ஆனாலும் அந்த 'அது வேலடா' என் காதில் ஈ மாதிரி ரொம்ப நாள் சுற்றியது. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நானும் அதையேதான் நினைத்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். கடைக்கு ஒரு ஃபோன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது, ஏதோ பூத்திலிருந்து பேசுகிறார்கள். ஐயாவின் மனைவி.

"பொண்ணு நல்லாருக்காப்பா. வேல கெடச்சிடுச்சு. திருச்சி இல்ல, வேற ஊரு. எந்த ஊருன்னு ஒனக்கு வேணாம்."

"வேணாங்கம்மா."

"அவரு தெனம் மாடிக்குப் போயி உக்காந்துக்கறாரு. அந்தக் காலி மெஷினப் போட்டு வெச்சுகிட்டு, கீழ வந்து, தெரியுதான்னு பாக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல."

அதற்குள் ஃபோன் நின்றுவிட்டது.

இரண்டாயிரத்து ஏழில் கடைக்காரர் புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய கடை பிடித்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, மாடியில் பயிற்சி வகுப்பு. திறப்பு விழா நோட்டீஸை அச்சடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சிறப்பு விருந்தினர் பெயரைப் பார்த்தேன். ஐயா.

"அண்ணே, இவரா?"

"அரியலூர், பெரம்பலூர் ரெண்டு ஊர்லயும் பேரு உள்ள மனுஷன். நாலு பேரு வருவாங்கடா. பழசையெல்லாம் ஏன் கெளறுறே?"

விழா நாள் காலையில் வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. ஒலிபெருக்கி அலறியது. ஐயா காரில் வந்து இறங்கினார். கொஞ்சம் மெலிந்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. கடைக்காரர் ஒரு சால்வையை என் கையில் திணித்து, "நீதான் மூத்த ஸ்டாஃபு. போர்த்து" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா குனிந்து கழுத்தைக் காட்டினார். மறுத்திருக்கலாம். சால்வையைத் தரையில் போட்டுவிட்டு நடந்திருக்கலாம். நான் போர்த்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

அவர் பேச ஆரம்பித்ததும் நான் எதிர் டீக்கடைக்குப் போய்விட்டேன். ஒலிபெருக்கி அங்கேயும் விடவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கணினிக் கல்வி ஏன் வேண்டும் என்று பேசினார். ஒரு வீட்டில் அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவில்லாமல் இருக்க இந்த அறிவியல் எப்படியெல்லாம் உதவுகிறது பாருங்கள் என்றார். கூட்டம் கை தட்டியது. டீக்கடைக்காரர்கூட, "நல்லா பேசறாருல்ல" என்றார். டீயில் ஏடு மிதந்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். என்னடா காரணம் என்று கடைக்காரர் கேட்டார். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறேன் அண்ணே என்றேன். உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று அதையும் சொல்லவில்லை.